நண்டு போட்ட கோடு

வளை தோண்டும் முன் வரப்பில் தன் எல்லையைக் காட்டச் சொல்லி எலி நண்டிடம் வந்தது.

"அளக்க லைசென்ஸ் இருக்காண்ணே?"

"எட்டுக் கால் இருக்குடி, போதாதா? ஆமை சர்வேயர் வந்து சேர்றதுக்குள்ள அறுவடையே முடிஞ்சிடும். நீயோ பிள்ளைத்தாச்சி."

நண்டு தன் வழக்கப்படி பக்கவாட்டில் நடந்து கோடு போட்டது. எலி அதை நம்பி வளை தோண்டிக் குட்டிகளை ஈன்றது.

ஆமை வந்து அளந்தபோது, வளை பெருச்சாளியின் இடத்தில் இருந்தது. பெருச்சாளி அதை இடித்துத் தள்ளியது. லைசென்ஸ் இல்லாமல் அளந்த நண்டு இனி வரப்பில் ஏறக் கூடாது என்று பஞ்சாயத்தில் தண்டனை விதித்தார்கள்.

தண்டனை நண்டுக்கு உறைக்கவே இல்லை. எலி வாய்விட்டுத் திட்டினால் போதும் என்று வரப்புக்குக் கீழே காத்து நின்றது.

எலி வந்தது. அதன் வாயில் குட்டி இருந்தது. நண்டைக் கடந்து போனது.