இது யார் கை?

"முதல்ல இந்தக் கையை என் மடியிலேர்ந்து எடுக்கச் சொல்லுங்க. பாரமா இருக்கு."

பயிற்சி அறையின் சைக்கிள் இயந்திரத்தில் உட்கார்ந்தபடி எலக்ட்ரீஷியன் சொன்னார். மடியில் கிடந்தது அவருடைய இடது கைதான். பக்கவாதம் வந்ததிலிருந்து அந்தப் பக்கம் முழுக்கக் கட்டையாகிவிட்டது. இடது காலைக்கூடப் பெடலோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

"இது யார் கை சார்?" என்று தெரபிஸ்ட் கேட்டாள்.

"என் தம்பி கை."

அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பள்ளி ஆசிரியை. கல்யாணமான நாளிலிருந்தே அவர் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். கூப்பிட்டுக் கூப்பிட்டு, தெருவே அவளுடைய சொந்தப் பெயரை மறந்துபோயிருந்தது.

மூளையில் வலப்பக்கம் அடிபட்டால் சிலருக்குச் சொந்தக் கையே அந்நியமாகத் தெரியும், பயப்பட ஒன்றுமில்லை என்று தெரபிஸ்ட் அவளைத் தனியே அழைத்துச் சொன்னாள். சிகிச்சையையும் விளக்கினாள். முதலில் மூச்சு வாங்கும்வரை பெடல் மிதிக்க வேண்டும். உடம்பு சூடேறியதும், உப்புத் தண்ணீரில் நனைத்த இரண்டு பஞ்சுகளைத் தலையில் வைத்துக் கட்டி, லேசாக மின்சாரம் விட்டபடியே கைக்குப் பயிற்சி. இரண்டும் சேர்ந்தால் மூளை புது வழி கண்டுபிடித்துக்கொள்ளுமாம்.

மின்சாரம் என்றதும் டீச்சர் தெரபிஸ்ட்டின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கரண்ட் இல்லாம முடியாதாம்மா? என் கொழுந்தன் கரண்ட்லதான் போனான்."

அண்ணனும் தம்பியும் ஒன்றாகவே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். தம்பி இடது கைக்காரன். வீட்டில் எல்லோருக்கும் அவன் நொட்டாங்கையன். ஒரு மழை நாளில், கட்டடம் ஒன்றில் ஒயர் மாற்ற ஏணியில் ஏறியவன், அலறக்கூட நேரமில்லாமல் விழுந்தான். மெயினை அணைப்பதற்குள், சொல்லச் சொல்லக் கேட்காமல் அவசரப்பட்டு ஏறிவிட்டான் என்று அண்ணன் சொன்னதோடு சரி. அதற்குப் பிறகு அவர் தம்பி பேச்சையே எடுத்ததில்லை.

டார்ச் லைட்டில் ஓடும் கரண்ட்டைவிட இது குறைவு என்று தெரபிஸ்ட் தைரியம் சொன்னாள். அவரோ கோணிய வாயால் சிரித்தார்.

"ஆயுசு பூரா நான் கரண்ட்டைத் தொட்டேன். இப்ப அது என்னைத் தொடப் போகுது. அவ்வளவுதானே டீச்சர்?"

கை அசையத் தொடங்கியது. முதலில் சுண்டுவிரல், பிறகு மணிக்கட்டு. தெரபிஸ்ட் பூரித்துப்போனாள், இத்தனை வேகமாகத் தேறியவரைத் தான் பார்த்ததே இல்லை என்றாள். யார் கை என்று கேட்டால் மட்டும் அதே பதில்தான்.

ஒருநாள் பயிற்சிக்காக ஸ்க்ரூ டிரைவர் ஒன்றைக் கொடுத்தார்கள். இடது கை அதை வாங்கி, விரலிடுக்கில் ஒரு சுழற்று சுழற்றிவிட்டுப் பலகையில் இருந்த ஸ்க்ரூவைக் கழற்றியது. உட்கார்ந்திருந்த டீச்சர் எழுந்துவிட்டாள். அப்படிச் சுழற்றுவது நொட்டாங்கையனின் வழக்கம். அதற்காகவே அண்ணனிடம் திட்டு வாங்குவான்.

அன்று முதல் வலது கை சும்மா கிடக்க ஆரம்பித்தது. ஸ்பூனும் சீப்பும் இடது கைக்குப் போயின. பேச்சும் குறைந்தது. வீட்டில் டீச்சர் என்ற குரல் கேட்பது நின்றே போனது.

தயங்கித் தயங்கி அவள் இதைச் சொன்னபோது, ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள், தம்பியின் பழக்கம் அண்ணனுக்கும் ஒட்டியிருக்கும் என்றாள் தெரபிஸ்ட். டீச்சரும் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கை வந்தால் போதும். மனுஷன் பழையபடி எழுந்து நடமாடினால் போதும்.

சிகிச்சையின் கடைசி நாள். பெடல் மிதித்து வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். தலையில் பஞ்சும் ஒயரும். தெரபிஸ்ட் வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"இது யார் கை சார்?"

இடது கையை முகத்துக்கு நேரே உயர்த்தி, விரல்களை விரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என் கை."

தெரபிஸ்ட் கைதட்டினாள். டீச்சருக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்தது. ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். கதகதப்பாக இருந்தது, அவள் விரல்களை இறுக்கிப் பிடித்தது.

பிறகு அது மெல்ல விடுவித்துக்கொண்டு, மடியில் கிடந்த வலது கையை அருவருப்போடு கீழே தள்ளிவிட்டது. அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"மெயினை ஆஃப் பண்ணிட்டேன்னு சொல்லித்தானே அண்ணன் என்னை ஏறச் சொன்னாரு. அவர் எங்க, அண்ணி?"