ஜன்னலோரக் கம்ப்யூட்டர்

"எல்லாத்துலயும் புதுசு ஒண்ணு, பழசு ஒண்ணு போட்டுருங்க, எலைன் அப்பா."

கோமளா டீச்சர் இதைச் சொன்னதும், ரெஜினால்டுக்குச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அலோர் காஜா டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன் அவன். மகள் எலைன் படிக்கிற எஸ்டேட் பள்ளிக்கூடமாயிற்றே என்று, சனிக்கிழமை வியாபாரத்தை விட்டுவிட்டு உதவிக்கு வந்திருந்தான். பள்ளியில் இருந்தவை பத்து கம்ப்யூட்டர்கள். பத்தும் ஆமை. ஒரு புண்ணியவான், வேகத்தைக் கூட்டுகிற ரேம் சில்லு பத்துப் புதுசாக வாங்கிக் கொடுத்திருந்தார்.

ஒரு கம்ப்யூட்டருக்குள் இரண்டு ரேம் சொருகலாம். ஐந்து கம்ப்யூட்டரில் இரண்டிரண்டு புதுசாகப் போட்டுவிட்டால் அந்த ஐந்தும் பறக்கும். சின்னப் பிள்ளைக்கும் புரிகிற கணக்கு. டீச்சருக்குத்தான் புரியவில்லை.

"ரெண்டும் வேற வேற வேகம், டீச்சர். ஒண்ணாப் போட்டா, புதுசும் பழசோட வேகத்துக்கு இறங்கித்தான் ஓடும். பழசை விடக் கொஞ்சம் பரவால்ல, அவ்வளவுதான். அப்புறம் புதுசு எதுக்கு?"

"பரவால்லலா. பிள்ளைங்க எதுல உக்காந்தாலும் ஒரே மாதிரி இருக்கணும்."

மோட்டார் சைக்கிளையும் சைக்கிளையும் கயிறு போட்டுக் கட்டி ஓட்டுவார்களா என்றுகூடக் கேட்டுப் பார்த்தான். தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். டீச்சர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு, சொன்னதையே திரும்பச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று முனகிக்கொண்டே திருகாணியைக் கழற்றினான்.

கலந்து போட்டால் சும்மா விடுமா? ஒன்று ஓடியது. அடுத்தது திரை இருண்டு, பீப் பீப் என்று கத்தியது. கழற்றி, துடைத்து, இடம் மாற்றிச் சொருகி, வேகத்தைக் குறைத்து வைத்து, மறுபடியும் முதலிலிருந்து. ஐந்தோடு முடிய வேண்டிய வேலை, டீச்சர் புண்ணியத்தில் பத்தானது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

எரிச்சல் வேலையால் மட்டுமில்லை. திங்கட்கிழமை தமிழ்ப்பள்ளிகளுக்கு இணையத்தில் புதிர்ப்போட்டி. சரியான பதிலானாலும் தாமதமாகச் சொன்னால் புள்ளி குறையும். பள்ளியில் முதலில் வருகிற ஒரே பிள்ளைதான் தலைநகர் கேஎல்லில் நடக்கிற இறுதிச்சுற்றுக்குப் போகும். எலைன் பள்ளி விடுமுறை முழுக்க அதற்காகவே படித்தவள். அவ்வளவும் படித்துவிட்டு, திரையில் வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டுமா என் பிள்ளை?

கடைசி இரண்டு கம்ப்யூட்டர்கள் மிச்சமிருந்தபோது வாசலைப் பார்த்தான். டீச்சரைக் காணோம்.

ஜன்னலோரம் இருந்ததில் இரண்டையும் புதுசாகப் போட்டான். கதவோரம் இருந்ததில் இரண்டும் பழசு; அது மட்டும் அதே பழைய ஆமை. மூடித் திருகிவிட்டால் வெளியே யாருக்குத் தெரியப் போகிறது? காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுதானே.

வீட்டுக்குப் போனதும் மகளைத் தனியாகக் கூப்பிட்டு, ஜன்னலோரக் கம்ப்யூட்டர்தான் இருப்பதிலேயே வேகம், போனவுடனே அதைப் பிடித்துக்கொள் என்று சொல்லி வைத்தான். மற்றதெல்லாம் எப்படி என்று கேட்டாள். மற்றதெல்லாம் ஒரே மாதிரிதான் என்றான்.

திங்கட்கிழமை மகளைக் காரில் சீக்கிரமே கொண்டுவந்து விட்டான். எலைன் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவரவர் வீட்டுக் காரில் வந்த மற்ற பிள்ளைகளும் ஆளுக்கொரு இடத்தைப் பிடித்தார்கள். கம்ப்யூட்டர் ஏதாவது மக்கர் பண்ணினால் பார்த்துக்கொள்ளச் சொல்லி, டீச்சர் அவனைக் கதவோரம் நிற்க வைத்திருந்தார்.

"அன்னிக்கு நான் அடம் பிடிச்சேன்னு கோவிச்சுக்காதீங்க," என்றார் டீச்சர், மெதுவாக. "எஸ்டேட்டைச் சுத்தி வர்ற வேன் எப்பவும் லேட்டு. நல்லதையெல்லாம் முன்னால வந்தவங்க எடுத்துக்குவாங்க. வேன் பிள்ளைங்களுக்கு எப்பவும் மிஞ்சுனதுதான். இன்னிக்கு அந்தக் கவலை இல்ல. எல்லாம் உங்களாலதான்."

ரெஜினால்டு தரையைப் பார்த்தான்.

மணி அடிக்கப் போகிற நேரம் தினேஸ்வரி ஓடி வந்தாள். போட்டிக்குப் பெயர் கொடுத்தவர்களில் வேனில் வருகிறவள் அவள் ஒருத்திதான். காலில் போட்டிருந்த சப்பாத்து முழுக்கச் செம்மண். மூச்சு வாங்க நின்று சுற்றிலும் பார்த்தாள். கதவோரக் கம்ப்யூட்டர் மட்டும்தான் காலியாக இருந்தது.

அவள் அதில் உட்காரப் போனாள். அதற்குள் எலைன் எழுந்து வந்து, அவள் கையைப் பிடித்து இழுத்துப்போய் ஜன்னலோரம் உட்கார வைத்தாள். திரும்பி வந்து கதவோரத்தில் தான் உட்கார்ந்துகொண்டாள்.

ரெஜினால்டுக்கு உயிரே போய்விட்டது. குனிந்து, மகள் காதோரம் பல்லைக் கடித்தான்.

"என்னா வேலை செய்ற நீ? எழுந்து அங்கயே போ."

"தினேஸ்வரி கொஞ்சம் மெதுவாத்தான் படிப்பா, டேடி. வேகமான கம்ப்யூட்டர் அவளுக்குத்தான் வேணும்."

அவன் வாயைத் திறப்பதற்குள் மணி அடித்துவிட்டது. இனி யாரும் இடம் மாறக் கூடாது என்றார் டீச்சர்.

ஒன்பது திரைகளில் முதல் கேள்வி வந்துவிட்டது. பிள்ளைகள் தட்டத் தொடங்கிவிட்டார்கள். கதவோரத்துத் திரையில் மட்டும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

அப்பாவின் முகத்தில் வியர்வையைப் பார்த்த எலைன், அவன் கையை மெல்லத் தட்டிக் கொடுத்தாள்.

"பயப்படாதீங்க, டேடி. இதையும் நீங்கதானே செஞ்சீங்க? வந்துரும்."