ஒன்பதாம் அறை

“எட்டு அறை லொட்ஜில ஒன்பதாம் அறை எங்கயிருந்து வந்தது, றேமண்ட் அண்ணா?”

கௌரி கேட்டதும் றேமண்டின் விரல்கள் கீபோர்டில் நின்றன.

2007. கொழும்பு வெள்ளவத்தையில் துணிக்கடைக்கு மேலே ஒரு சின்ன சொஃப்ட்வெயார் கம்பனி. போர் நடந்ததால், லொட்ஜில் தங்கும் தமிழரின் பட்டியலை வாராவாரம் பொலிசில் கொடுத்தாக வேண்டிய காலம். அந்தப் பட்டியலை அச்சிடும் புரோகிராம் றேமண்ட் எழுதியது. கௌரி, கம்பஸ் படிப்பு முடிய வந்து வேலை பழகுபவள்.

“பத்தொன்பது பேரும் ஒன்பதாம் அறை. இல்லாத அறைக்குள்ள எல்லாரும் மூச்சுக் காட்டாமல் நிக்கிற மாதிரிக் கிடக்கு. வாசிக்கவே பயமாயிருக்கு.”

“புரோகிராமுக்குள்ள மாதிரிக்கு ஒரு ஆளைச் செய்து, ஒன்பதாம் அறையெண்டு போட்டு வச்சிருக்கிறன். புது ஆள் வந்தால் அவனைக் கொப்பி பண்ணி, பெயரையும் ஐடி நம்பரையும் மட்டும் மாத்துது.”

“அதுதான் இந்தக் கொப்பி பண்ணுற புரோட்டோடைப் முறையில உள்ள சனியன்! மாத்தாததெல்லாம் அப்பிடியே ஒட்டிக்கொண்டு வரும். இதுக்கு பில்டர் முறைதான் சரி. ஒவ்வொண்டாக் கேக்கும். அறை இலக்கம் இல்லாட்டி ஆளையே உருவாக்காது. முதலாம் வருசப் பிள்ளைக்கும் தெரியும்!”

“எனக்குத் தெரியேல்லப் போல.”

“நக்கலோ? நான் மாத்தி எழுதிட்டன். லொட்ஜுக்குப் போன் பண்ணி அறை இலக்கமும் கேட்டுப் போட்டிட்டன். இந்தாங்கோ, சரியான லிஸ்ட்.”

லொட்ஜ் முதலாளி பூபாலசிங்கம் படியேறி வந்தார். மேசையிலிருந்த இரண்டு தாள்களையும் பார்த்தார். கௌரியின் தாளை எடுத்து நாலாய்க் கிழித்தார்.

“ஐயா! பிழையான லிஸ்டையோ கொண்டு போறியள்? கேட்டால் என்ன சொல்லுவியள்?”

“கொம்பியூட்டர் பிழை எண்டு. நாலு மாசமா அதைத்தானே சொல்லுறன், பிள்ளை.”

மற்றத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார்.

“வெக்கமாயில்லையா அண்ணா? உங்கட சோம்பேறித்தனத்துக்கு அவரும் கூட்டு!”

றேமண்ட் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“விடியப்புறம் வெள்ளை வானில ஆள் பிடிக்க வாறவங்கட கையிலயும் இந்த லிஸ்ட்தான் இருக்கும், கௌரி. அறை தெரியாட்டி எட்டுக் கதவையும் தட்ட வேணும். எட்டு லைட்டும் எரியும். அத்தினை கண்ணுக்கு முன்னால ஒருத்தரையும் கொண்டு போகேலாது.”

கௌரி கிழிந்த தாளின் நாலு துண்டுகளையும் பொறுக்கினாள்.

“என்ர தம்பி இருந்த லொட்ஜில அறை இலக்கம் சரியா எழுதியிருந்தது. ஒரு கதவைத்தான் தட்டினவங்கள்.”