பாறை மேல் ஒரு பெண்

"தலையைத் தூக்கினே, மூணு பேருக்கும் இன்னிக்கே சாவுதான்!"

கேப்டன் ஃபோதிஸ், செவஸ்தியின் பின்னந்தலையில் கை வைத்துப் பாறை இடுக்குக்குள் அழுத்தினார். தூரத்தில் ஒரு படகு வந்துகொண்டிருந்தது.

அது கொள்ளைக்காரர் படகு என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று நாளாக அவர்கள் மாதாவிடம் அழுது அழுது கேட்ட படகு.

கோஸ் தீவிலிருந்து வெங்காயம் ஏற்றி வந்த பாய்மரக் கப்பல் சூறைக்காற்றில் பிளந்துபோனது. கேப்டனும், அவருடைய ஆள் தனாசிசும், பயணியாக ஏறிய செவஸ்தியும் இந்த மொட்டைப் பாறையில் ஒதுங்கினார்கள். செவஸ்தி பக்கத்துக் காலிம்னோஸ் தீவுக்காரி. மூன்று வயது மகள் காய்ச்சலில் கிடக்க, மருந்து வாங்க அவளே கடல் தாண்ட வேண்டியதாகிவிட்டது. ஈஸ்டர் முடிந்ததும் ஊர் ஆண்களோடு கடலில் மூழ்கிக் கடற்பஞ்சு எடுக்க ஆப்பிரிக்கக் கரைக்குப் போன புருஷன் இலையுதிர் காலத்தில்தான் திரும்புவான். மருந்துப் புட்டி இன்னும் அவள் ரவிக்கைக்குள் பத்திரமாக இருந்தது. மகள் இருக்கிறாளா என்பதுதான் தெரியவில்லை.

கரையேறிய அன்றே வேலையைப் பங்கு போட்டாயிற்று. சிப்பி பெயர்ப்பது, அலையில் ஒதுங்கிய சுள்ளி பொறுக்குவது, காயத்துக்குக் கட்டுப் போடுவது எல்லாம் அவள். யோசிப்பது கேப்டன்.

மிதந்து போன தண்ணீர்ப் பீப்பாயை நீந்திப் பிடித்தவளும் அவள்தான். ஆனாலும் தண்ணீரைப் பங்கிட்டவர் கேப்டன். ஆண்களுக்கு இரண்டு மடக்கு, அவளுக்கு ஒன்று.

"ஆம்பளைங்க தெம்பா இருந்தாத்தானே பொம்பளையைக் காப்பாத்த முடியும்?" என்றார். நல்ல நியாயம்! இன்று காலை பீப்பாயும் காய்ந்துவிட்டது.

நேற்றே தப்பித்திருக்கலாம். ஆண்கள் இருவரும் மயங்கிக் கிடந்தபோது ஒரு சரக்குப் படகு பக்கத்தில் வந்தது. செவஸ்தி உச்சியில் ஏறி நின்று, கூந்தல் பறக்க, "காப்பாத்துங்க!" என்று கத்தினாள்.

படகில் இருந்தவர்கள் சிலுவை போட்டுக்கொண்டு, "அலெக்சாந்தர் ராஜா உசுரோட இருக்கார்! உலகத்தையே ஆள்றார்!" என்று பதிலுக்குக் கத்திவிட்டு ஓடியே போனார்கள்.

அந்தக் கடலில் ஆண்களுக்கு அது பழைய பயம். கடல்கன்னி பாறையில் நின்று, தன் அண்ணன், அந்தக் கால மாமன்னன் அலெக்சாந்தர், உயிரோடு இருக்கிறானா என்று கேட்பாளாம். செத்துப்போனான் என்று சொன்னால் கப்பலைக் கவிழ்த்துவிடுவாளாம்.

கத்தல் கேட்டு விழித்த கேப்டன் தலையில் அடித்துக்கொண்டார். "மூதேவி! உன்னைப் பாத்துத்தான்டீ பயந்து ஓடுறானுங்க!"

அதனால்தான் இன்று அவளை இப்படி ஒளித்து வைத்தார்.

"கேப்டன், நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க. எங்க ஊர்ப் பக்கம் இந்த மாசத்துல படகுல வர்றது..."

"வாயை மூடு! கப்பல்ல பொம்பளை கால் வெச்சப்பவே நினைச்சேன், இது உருப்படாதுன்னு. டேய் தனாசிஸ், அவ வாயைப் பொத்துடா!"

தனாசிஸ் பொத்தினான். அந்தக் கையைத் தள்ளிவிடக்கூட அவள் உடம்பில் வலு இல்லை.

படகு நெருங்கியது. நான்கு துடுப்புகள் ஒரே சீராக எழுந்து விழுந்தன. வெயிலுக்குத் தலையில் துணி சுற்றிய நான்கு உருவங்கள், எதிர்வெயிலில் கறுப்பாகத் தெரிந்தன.

"துடுப்பு போடுற அழகைப் பாருடா! சிங்கங்க!" கேப்டனுக்கு அழுகையே வந்துவிட்டது. கிழிந்த சட்டையைக் கழற்றி ஆட்டிக் காட்டினார். "இங்க! இங்க வாங்க!"

கூப்பிடு தூரத்தில் துடுப்புகள் சட்டென்று நின்றன. படகு மேற்கொண்டு வராமல் அலையில் ஆடிக்கொண்டிருந்தது.

"சந்தேகப்படுறானுங்க," என்று முனகிய கேப்டன், தொண்டை கிழியக் கத்தினார். "பயப்படாதீங்கப்பா! இங்க பொம்பளை யாரும் இல்ல! சத்தியமா இல்ல! நாங்க ஆம்பளைங்க மட்டும்தான்!"

படகு திரும்பத் தொடங்கியது.

கேப்டனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஓடினார், விழுந்தார், எழுந்தார். "போயிடாதீங்க! தண்ணி இல்ல! செத்துடுவோம்! ஐயா, உங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்குமே!"

செவஸ்தியின் கண்ணிலிருந்து வழிந்த நீர் தனாசிசின் விரல்களை நனைத்தது. மகள் முகத்தை இனிப் பார்க்கப்போவதில்லை என்று அவள் முடிவே செய்துவிட்டாள்.

அப்போது படகிலிருந்து கணீரென்று ஒரு குரல் வந்தது.

"யாருய்யா நீங்க? ஊர்ல ஆம்பளையே இல்லாத நேரம், நாங்க பொம்பளைங்க நாலு பேரு கடல்ல ஒதுங்குற விறகு பொறுக்க வந்திருக்கோம். முன்னப்பின்ன தெரியாத ஆம்பளைங்க மட்டும் இருக்கிற பாறைக்கு எப்படி வர்றது? துணைக்கு ஒரு பொம்பளை இருந்தாலாவது நம்பி வரலாம்!"

தனாசிசின் கை தானாக விலகியது. கேப்டன் முழங்கால் உரசி ரத்தம் வழிய இடுக்குக்கு ஓடி வந்து, செவஸ்தியின் காலடியில் விழுந்தார்.

"தாயே, கொஞ்சம் எழுந்து நில்லும்மா!"