நாலு கட்டைகள்

துணை முதல்வர் வேட்பாளராகத் தன் பெயரை அறிவிக்கப்போகும் மேடையில், தனக்குப் போட்ட நாற்காலியின் கால்களைத் தச்சர் அறுத்துக்கொண்டிருந்ததைத் தில்லைநாயகி பார்த்துவிட்டாள்.

"என்னண்ணே இது?" என்றாள் மாவட்டச் செயலாளரிடம்.

"நீங்க நல்ல உயரம்மா. பக்கத்துல உக்காந்தா தலைவர் சின்னதாத் தெரியிறாரு. நாலு அங்குலந்தான்."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தடியடியில் பல் உடைந்தபோதும், சிறையில் வெறுந்தரையில் படுத்தபோதும் அவள் உயரம் யாருக்கும் உறுத்தவில்லை. அறுபட்டு விழுந்த நாலு கட்டைகளையும் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பெயரை அறிவித்ததும் கைதட்டல் காதைப் பிளந்தது. "கால்ல விழுங்கம்மா," என்று செயலாளர் அவசரப்படுத்தினார். பதவி கிடைத்தால் விழுவதுதான் கட்சி வழக்கம். அவள் மேசைக்குப் பின்னால் போய் மண்டியிட்டாள். அங்கே தலைவரின் கால்கள் தரைக்கு எட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தன. முடிச்சை அவிழ்த்து, கட்டைகளை அந்தப் பாதங்களுக்கு அடியில் அடுக்கினாள்.

கேமராக்களுக்கு அவள் குனிந்த முதுகு மட்டுமே தெரிந்தது.

"போதும், எந்திரிம்மா," என்றார் தலைவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"இருங்க தலைவரே, ஒரு வேலை பாக்கி இருக்கு," என்ற தில்லைநாயகி, தரைவரை தொங்கிய மேசைவிரிப்பை இரண்டு கைகளாலும் பிடித்துத் தூக்கினாள்.