மறுமுனையில் ஆடுகள்

"போன் பேசறதுக்கு லா, சூசை! விளையாடறதுக்கு எவனாவது போனை எடுப்பானா?"

பரமசிவம் சிரித்த சிரிப்பில் தொப்பை குலுங்கியது. சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் அவருடைய எலெக்ட்ரானிக் விளையாட்டுச் சாமான் கடைக்கு 1984இல் அவ்வளவு மவுசு. அங்கே ரிப்பேர் வேலை பார்க்கும் சூசைநாதன் சொந்தமாக இரண்டு பெட்டிகள் செய்து, ஒன்றைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்திருந்தான்.

பெட்டியின் மேல் ஆடு புலி ஆட்டத்தின் கோடுகள். கோடுகள் கூடும் இடமெல்லாம் குட்டி விளக்கு. புலிக்குச் சிவப்பு, ஆட்டுக்குப் பச்சை. போன் ரிசீவரை அதன்மேல் கவிழ்த்து வைத்துவிட்டால், இங்கே நகர்த்துவது மறுமுனையில் இருக்கும் பெட்டியிலும் தெரியும்.

"இன்னொரு பெட்டி யார்கிட்ட இருக்கு?"

"எங்க புளோர்ல ஒரு பெரியவர்கிட்ட, பாஸ். வீட்டை விட்டு வெளிய வர முடியாது. சொந்தம்னு யாரும் எட்டிப் பார்க்கிறதில்ல. இப்பல்லாம் சோறுகூட இறங்க மாட்டேங்குது. இப்படியே விட்டா போய்ச் சேர்ந்துடுவாரு. அவருக்காகத்தான் இதைச் செஞ்சேன்."

"ச்சே! என்ன சொந்தக்காரங்களோ!" பரமசிவம் உச்சுக்கொட்டினார். "சரி, போடு ஒரு ஆட்டம். புலி எனக்கு!"

சூசைநாதன் எண்ணை அழுத்தினான். மறுமுனையில் ரிசீவரை எடுத்துப் பெட்டிமேல் வைக்கும் சத்தம் கேட்டதும், இங்கேயும் ரிசீவரைப் பெட்டிமேல் கவிழ்த்தான். பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன.

பெரியவர் லேசுப்பட்ட ஆளில்லை. பரமசிவத்தின் இரண்டு புலிகளை அசையவிடாமல் அடைத்துவிட்டார். மூன்றாவது புலிக்கும் ஒரே ஒரு வழிதான் பாக்கி. பரமசிவத்தின் முகம் சுருங்கிப்போனது. ஏர்கான் குளிரிலும் அவருக்கு வேர்த்தது.

அப்போது ஓர் ஆடு, காவலை விட்டு, தானாக விலகி நின்றது.

"ஐயையோ, ஏமாந்துட்டாரு!" பரமசிவம் பட்டனைத் தட்டினார். புலி தாண்டியது, மறுபடி தாண்டியது. கொஞ்ச நேரத்தில் பச்சை விளக்குகள் முக்கால்வாசி அணைந்துவிட்டன.

"பார்த்தியா? சின்ன வயசுலேர்ந்து இதுல என்னை ஒருத்தன் ஜெயிச்சதில்ல!"

"வியாபாரம் பண்ணலாமா, பாஸ்?" சூசைநாதன் ஆவலாகக் கேட்டான். "நாளைக்கே வயர் இல்லாத போன் வந்துச்சுன்னா, பஸ்ல போறப்பகூட ஆடலாம். எங்கயோ இருக்கிறவங்க பக்கத்துல இருக்கிற மாதிரி ஆயிடும்."

"உனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா? ஆடணும்னு ஆசை இருக்கிறவன் நேர்ல போய் உட்கார்ந்து ஆடிட்டுப் போறான். எவன் வாங்குவான் இதை?"

"அப்ப இந்தப் பெட்டிய நீங்களே வச்சுக்குங்க. சும்மாதான். வாரம் ஒரு ஆட்டம் போதும். அந்தப் பெரியவர் பிழைச்சுக்குவாரு."

"எனக்கு வேற வேலை இல்லியா? எடுத்துட்டுப் போ லா. இனிமே இந்த மாதிரி குப்பையெல்லாம் இங்க கொண்டு வராத." கார் சாவியை எடுத்துக்கொண்டு அவர் கிளம்பிப் போய்விட்டார்.

ரிசீவர் இன்னும் பெட்டிமேல்தான் இருந்தது. சூசைநாதன் அதை எடுத்துக் காதில் வைத்தான். மறுமுனையிலும் ரிசீவரை எடுக்கும் சத்தம் கேட்டது.

"ஐயா... வேணாம்னுட்டாரு."

சூசைநாதன் பெட்டியில் மிச்சமிருந்த விளக்குகளை அணைத்தான்.

"நீங்க யாருன்னு நான் அவர்கிட்ட சொல்லியிருக்கணும் ஐயா. சத்தியம் வாங்கி என் வாயைக் கட்டிப்புட்டீங்க. கையில வந்த ஆட்டத்தை வேற விட்டுக் கொடுத்தீங்க. ஏன் ஐயா?"

"சாப்பாட்டு நேரமாச்சே, தம்பி" என்றது அந்தக் குரல். "தோத்துட்டான்னா எம்புள்ள அன்னிக்குச் சோத்துல கையே வைக்க மாட்டான்."