கட்டெறும்பு கடித்தது

இன்னும் அரை மணி நேரத்தில் மாப்பிள்ளை இணையத்தில் சொற்பொழிவாற்ற வேண்டும். தலைப்பு, 'லினக்ஸில் எல்லாமே எளிது'. லினக்ஸ் இயங்குதளம் போட்ட அவருடைய கணினியிலோ சத்தமே வரவில்லை. சவுண்ட் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை நான்கு முறை அழித்துவிட்டு, நான்கு முறை புதிதாக நிறுவியாயிற்று.

எதிர் சோபாவில் போனை நோண்டிக்கொண்டிருந்த மாமியார், கணினியின் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, அந்த வயரு..."

"அத்தை, இது டிரைவர் பிரச்சினை. சொன்னா உங்களுக்குப் புரியாது. நீங்க பாட்டுக்கு கேம் விளையாடுங்க."

ஐந்தாவது முறையும் கணினி வாயைத் திறக்கவில்லை. வேறு வழியின்றி, இணையத்தில் அவரது லினக்ஸ் குழுவே குருவாகக் கொண்டாடும் 'கட்டெறும்பு'க்கு எழுதினார். அது யாரென்று எவருக்கும் தெரியாது. கடித்துத்தான் பதில் சொல்லும்.

பதில் உடனே வந்தது.

"டிரைவர் மேல ஏன் பழி போடுறே? ஸ்பீக்கர் வயரை மைக் ஓட்டையில சொருகியிருக்கே. பக்கத்து ஓட்டைக்கு மாத்து."

மாற்றினார். கணினி கணீரென்று பாடியது. மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது.

"குருவே! நேர்ல பார்க்காமலே எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

அதற்கும் பதில் வந்தது.

"எதிர் சோபாவுலேர்ந்து நல்லாவே தெரியுது, மாப்பிள்ளை. இனி நான் பாட்டுக்கு கேம் விளையாடலாமா?"